சுவத்துக்கு அந்தப் பக்கம்

பிரான்ஸ்ல, பர்கண்டில, ஒரு ஒயின் தோட்டம். தோட்டத்து வீட்டுக்கு அடியில ஒரு பாதாள அறை. அங்க இருக்கற பீப்பாய்ங்களுக்கெல்லாம் பொறுப்பு மதலேன். புதுச்சேரிப் பொண்ணு. அவங்ககிட்ட தொழில் கத்துக்க வந்தவரு தணிகை. அவரும் புதுச்சேரிதான், முத்தியால்பேட்டை. அங்க ஒரு பார்ல சர்வரா இருந்தவரு.

குருவ விட சிஷ்யனுக்கு வயசு ஜாஸ்தி. அதனால அவரு "மதாம்"பாரு, இவங்க "அண்ணே"ம்பாங்க. அவரு வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது.

அன்னிக்கு முதலாளி வர்ற நாள். தணிகைய வேலைல வெச்சுக்கலாமா, ஊருக்கு டிக்கெட் போடலாமான்னு மதலேன்தான் சொல்லணும்.

மதலேன் ஒரு கண்ணாடிக் குழாய பீப்பாய்க்குள்ள விட்டு ஒயின எடுத்து, தணிகை கிளாஸ்ல விட்டாங்க. அந்தக் குழாய வேற யாரையும் தொட விடமாட்டாங்க.

"இது கீழ்த்தோட்டத்து ஒயின். என்ன வாசம் வருது, சொல்லுங்கண்ணே."

தணிகை மோந்து பாத்தாரு. கண்ண மூடிக்கிட்டாரு. "செர்ரி. காளான். மழை பேஞ்ச மண்ணு. பழைய தோல் செருப்பு."

"செர்ரி சாப்பிட்டிருக்கீங்களா?"

"என்ன மதாம் இப்படிக் கேட்டுட்டீங்க! கேக்கு மேல செவப்பா ஒண்ணு ஒக்காந்திருக்குமே."

"அது களாக்காய்ண்ணே. சாயம் போட்டு சர்க்கரைல ஊறவெச்சது."

தணிகை கண்ணத் தொறந்தாரு. "அப்ப நான் இத்தன நாளா மோந்தது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

இன்னொரு கிளாஸ்ல பக்கத்துப் பீப்பாய்லேர்ந்து விட்டாங்க. "இது மேல்தோட்டம்."

தணிகை குடிச்சாரு. அதையும் குடிச்சாரு, இதையும் குடிச்சாரு. கடைசில கேட்டே புட்டாரு.

"ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல இடுப்பளவு சுவரு. ரெண்டு பக்கமும் ஒரே கறுப்பு திராட்ச, ஒரே மழை, பறிக்கிறதும் நாமதான். மேல்தோட்டம் பெரிய மனுஷங்க வீட்டுக்குப் போவுது, கீழ்த்தோட்டம் ஓட்டலுக்குப் போவுது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசம் எங்க மதாம் இருக்கு? நாக்குலயா, மூக்குலயா, இல்ல லேபிள்லயா?"

மேல கார் சத்தம் கேட்டுச்சு.

"முதலாளி வந்துட்டாரு. மிச்சத்த ஊத்திட்டு வாங்க"ன்னு மதலேன் படியேறிப் போயிட்டாங்க.

அங்க அது பழக்கம். குடிச்சது போக கிளாஸ்ல மிச்சம் இருந்தா, எடுத்த பீப்பாய்லயே திருப்பி ஊத்திடுவாங்க. கீழ கொட்ட மாட்டாங்க. எச்சில் பாக்க மாட்டாங்களான்னு நம்மாளு மொத நாளே கேட்டாரு. மாட்டாங்கன்னதும், தான் மட்டும் அண்ணாந்து குடிச்சு சட்டையெல்லாம் செவப்பாக்கிக்கிட்டாரு.

இப்ப ரெண்டு கைலயும் ரெண்டு கிளாஸ். "செர்ரியாம் செர்ரி"ன்னு தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு, மேல்தோட்டத்துப் பீப்பாய்ல ஊத்துனாரு. ஊத்துனப்புறம்தான் மத்த கையப் பாத்தாரு.

மேல்தோட்டத்துக் கிளாஸ் ஊத்தாம இன்னும் அந்தக் கைலயே இருக்கு. ஊத்துனது கீழ்த்தோட்டம்.

ஒரு மடக்குதான். அவ்வளவு பெரிய பீப்பாய்ல ஒரு மடக்கு. யாரும் பாக்கல. மேல அவரு தலையெழுத்தப் பேசிக்கிட்டிருக்காங்க.

 தணிகை கிளாஸ்ஸ வெச்சுட்டு படில ஓடுனாரு.

வீட்டு வாசல்ல மதலேனும் முதலாளியும் நின்னுக்கிட்டிருந்தாங்க.

"மதாம், மாத்தி ஊத்திட்டேன். கீழ்த்தோட்டத்த மேல்தோட்டத்துல."

தமிழ்ல சொன்னதால முதலாளிக்குப் புரியல. நல்ல சேதி போலன்னு நெனச்சு தணிகைக்குக் கை குடுத்தாரு.

மதலேன் கீழ இறங்குனாங்க. தணிகை பின்னாடியே போனாரு. அந்தப் பீப்பாய்லேர்ந்து கொஞ்சம் எடுத்தாங்க. மோந்தாங்க. வாய்ல வெச்சு சுழட்டுனாங்க.

"தெரியுதா மதாம்?"

"இல்ல."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

தணிகைக்கு மூச்சு வந்துச்சு. "அப்பாடா."

மதலேன் ஈரத்துணிய எடுத்து, பீப்பாய் மேல சாக்பீஸ்ல எழுதியிருந்த மேல்தோட்டத்துப் பேர அழிச்சாங்க. சாக்பீஸ்ஸ அவருகிட்ட நீட்டுனாங்க.

"கீழ்த்தோட்டம்னு எழுதுங்க."

"ஒரு மடக்குக்கு ஒரு பீப்பாயா? நாக்குக்கே தெரியலங்கறீங்க!"

"எழுதுங்கண்ணே."

எழுதுனாரு. எழுத்து கோணலாத்தான் வந்துச்சு.

"முதலாளிகிட்ட என்ன சொல்வீங்க?"

"நடந்தத சொல்வேன்."

"அப்ப டிக்கெட்டு ஜன்னலோரமாப் போடச் சொல்லுங்க மதாம்"னு சிரிக்கப் பாத்தாரு. சிரிப்பு வரல.

மதலேன் கண்ணாடிக் குழாயத் தொடச்சு அவரு கைல குடுத்தாங்க.

"நாளைலேர்ந்து நீங்க எடுங்க."

தணிகை குழாயப் பாத்தாரு, பீப்பாயப் பாத்தாரு. "மதாம், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. வித்தியாசம் எங்கதான் இருக்கு?"

மதலேன் படில ஒரு கால் வெச்சுட்டுத் திரும்புனாங்க.

"ரெண்டும் ஒண்ணுன்னீங்க. அப்புறம் ஏண்ணே ஓடி வந்தீங்க?"