சுவர்ப் பல்லி வெட்டிய வரி

எறும்பும் தும்பியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மதகுச் சுவர் இருந்தது. யார் என்ன சேதி கொண்டுவந்தாலும் பல்லி தன் வாலைச் சேற்றில் தோய்த்து அதை அந்தச் சுவரில் எழுதும். வந்ததை வந்தபடி எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது.

பல்லிக்கு அது போதவில்லை. "சுவரோ சின்னது, வர்ற சேதியோ நீளம். வெட்டவும் ஒட்டவும் எனக்கு உரிமை குடுங்க" என்று ஓயாமல் நச்சரித்தது.

"எழுதிக் காட்டுறவன் கையில கத்திரி எதுக்கு?" என்றது நண்டு. "சுருக்கணும்னா சேதி சொல்றவங்களே சுருக்கிச் சொல்லட்டும். எதைத் தள்ளலாம்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

"ஒவ்வொருத்தரும் உக்காந்து சுருக்கிக்கிட்டிருந்தா வேலையாகுமா நண்டண்ணே?" என்றது அணில். அங்கே அவசரக்காரர்கள்தான் அதிகம். பல்லிக்கு உரிமை கிடைத்துவிட்டது.

ஐப்பசியில் வானம் கறுத்தது. யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தும்பி மூச்சிரைக்க வந்தது.

"மேலேரி உடையப் போகுது! குஞ்சுகுளுவானோட மேட்டுக்கு ஓடுங்க. மரப்பாலத்துல மட்டும் ஏறாதீங்க, அது இத்துக் கெடக்கு!"

சொல்லிவிட்டு அடுத்த ஏரிக்குப் பறந்தது.

பல்லி எழுதியது. 'மேட்டுக்கு ஓடுங்கள்' என்பதோடு சுவர் நிறைந்துவிட்டது. முக்கியமானதுதான் வந்துவிட்டதே என்று கடைசி வரியை வெட்டிவிட்டது. பாவி, பழைய சேதி ஒன்றை அழித்து இடம் பண்ணியிருக்கலாம்.

தாயெறும்பு சுவரைப் பார்த்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு மரப்பாலத்தில் ஏறியது. மேட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. பாதியில் பாலம் முறிந்தது. எறும்புகள் சில கரையேறின. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வெள்ளம் வடிந்ததும் தும்பி திரும்பி வந்தது. "பாலத்துல ஏறாதீங்கன்னு சொன்னேனே!" என்று கதறியது.

தாயெறும்பு பல்லியிடம் போனது. "மிச்சத்த எங்கடா வச்ச?"

"எடம் பத்தலக்கா..."

எறும்பு அதன் வாலைக் கவ்வி ஒரே கடி கடித்தது. வால் அறுந்து விழுந்து, விட்டுப்போன வரியை எழுதுவது போலத் தரையில் துடித்தது. யாராலும் அதைப் படிக்க முடியவில்லை.

பல்லிக்கு வால் மறுபடி முளைத்தது. எழுத்துதான் வரவில்லை. எறும்புக்கோ மனசு ஆறவே இல்லை. அன்று முதல்தான் எறும்பு, எத்தனை அவசரமானாலும், எதிரே வரும் ஒவ்வொரு எறும்பையும் நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து, "வேற ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டே நகர்கிறது.