மாப்பிள்ளை மிதித்த கிளட்ச்

வெள்ளாங்குறிச்சிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். கோமதிநாயகத்தின் கல்யாணத்துக்கு ஆபத்து வந்ததும் அதனால்தான்.

"மாப்பிள்ளை கார்லதான் வந்து சேரணும்" என்று மாமனார் சொல்லியிருந்தார். பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். ஒன்பது மணிக்கு, கல்யாணப் பந்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், முப்பது வயதுக் கார் நின்றுவிட்டது. மிதித்த கிளட்ச் பெடல் எழும்பவில்லை, கியரும் விழவில்லை. ஓட்டியவன் மாப்பிள்ளை கோமதிநாயகமேதான். கூட வந்த இருவருக்கும் ஓட்டத் தெரியாது.

"அத்தான், நடந்தே போயிருவமா?" என்றான் மாப்பிள்ளை.

"மாமனார் கார்லன்னுட்டாரு. உன் இஷ்டத்துக்கு நடப்பியோல?" என்றான் அக்காள் புருஷன் வன்னியப்பன். மெக்கானிக்கைப் போனில் பிடித்தான்.

"கிளட்ச் குழாயில காத்து புகுந்திருக்கும். ஒருத்தர் பெடலை மிதிங்க, ஒருத்தர் கீழ படுத்து, குழாய் முனையில இருக்க நிப்பிள் திருகைத் திறந்து காத்தை வெளியேத்துங்க. டப்பாவுல எண்ணெய் குறையுதான்னு பாத்துக்கிடுங்க. மறுபடி காத்து உள்ள போயிரக் கூடாது. நான் சொல்லாம மிதிச்ச காலை எடுக்காதீங்க."

அத்தோடு போனில் சார்ஜ் தீர்ந்தது.

மாப்பிள்ளை மிதித்தான். சித்தப்பா மகன் சுடலைமணி காருக்கடியில் புகுந்து நிப்பிளைத் திறந்தான். வன்னியப்பன் கண் கொட்டாமல் டப்பாவைப் பார்த்தான்.

"குறையுதா அத்தான்?"

"அழகாக் குறையுது."

"இப்பவோ?"

"சுத்தமாத் தீந்துட்டு. ஒரு சொட்டு விடாம பாத்துட்டேன்."

அடுத்து, காற்று உள்ளே போகக் கூடாதே! கண்ணாடிகளை முழுக்க ஏற்றினார்கள். வைகாசி வெயிலில் மாப்பிள்ளை கொழுக்கட்டையாக வெந்தான். காலை மட்டும் எடுக்கவில்லை.

மணி பத்தானது. "கல்யாணம் போச்சே அத்தான்!" என்று கண்ணாடிக்குள்ளிருந்து அலறினான்.

வன்னியப்பன் நெடுநேரம் யோசித்தான். "காலை எடுக்கக் கூடாதுன்னாரு. காரைத் தள்ளக் கூடாதுன்னு சொல்லலையே."

தள்ளினார்கள். பத்து இருபதுக்குக் கார் பந்தலுக்குள் நுழைந்து மணவறைப் பக்கத்தில் நின்றது.

தாலி கட்டக் கண்ணாடியை இறக்க வேண்டுமே. "காத்து போயிருமே!" என்றான் சுடலைமணி. கூடிப் பேசி, அந்த நேரம் பந்தலில் யாரும் மூச்சு விடுவதில்லை என்று முடிவானது. ஐயர் கெட்டிமேளத்துக்குக் கைகாட்டினார். தவில் மட்டும் முழங்கியது. நாகஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மணப்பெண் பூரணவல்லி ஜன்னலுக்குள் கழுத்தை நீட்ட, மூன்று முடிச்சும் விழுந்தது. கண்ணாடி ஏறிய பிறகே சனம் மூச்சு விட்டது.

அக்கினியை வலம் வரச் சொன்னார் ஐயர். காரையே மூன்று சுற்றுத் தள்ளினார்கள். கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி பெண் கூடவே நடந்தாள்.

"மாப்பிள்ளை பொண்ணு காலைப் பிடிச்சு அம்மி மேல வைக்கணும்" என்றார் ஐயர், பாதி உயிரோடு.

அம்மி தரையில் இருந்தது. மாப்பிள்ளை காரில் இருந்தான். பூரணவல்லி சட்டென்று கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி, காற்று புகுமுன் அடைத்துக்கொண்டாள்.

"கால் வலிக்குதா?"

"மரத்துப்போச்சு."

"நானும் மிதிக்கேன், வைங்க."

அவன் அவள் பாதத்தைப் பிடித்துத் தன் பாதத்தின் மேல் வைத்தான். பந்தலே கண்கலங்கியது. வன்னியப்பனுக்கு மட்டும் கவலை பிடித்துக்கொண்டது.

"ஏலே, இப்ப ரெண்டு காலாயிட்டே. மெக்கானிக் மாப்பிள்ளை காலைத்தானல எடுக்கச் சொல்லுவாரு?"

சுடலைமணி தாடையைத் தடவினான்.

"பொண்ணு காலுக்கு வேற மெக்கானிக்தான் பாக்கணும், அத்தான்."