டிஸ்க்குகள் விழிக்கும் வரை

சிதம்பரதாணுவுக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் பெனினாவுக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு. அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். குரு என்று அவளை யாரும் சொன்னதில்லை. தாணு மட்டும் மனதுக்குள் அப்படி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்களெல்லாம் கம்ப்யூட்டர் பதிவாக இருக்கும் இரும்பு அலமாரி லாரியில் வந்து இறங்கியது. இருவருமாக வயர்களை மாட்டி முடிப்பதற்குள் தாணுவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அத்துப்போன உறவு இருக்கே, அதுல உசிரு மிச்சம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?"

"யாரு, உங்க தம்பியா?"

"அவன்தான். இத்தனை வருசம் கழிச்சு இன்னைக்கு நானே இறங்கிவந்து போன் போட்டேன். அடிச்சு ஓஞ்சுது. எடுக்கலை. நம்பரை அழிச்சிரலாம்னு இருக்கேன்."

பெனினா கடைசி வயரை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சுவிட்சுகளைப் போட்டு வைங்க. மூஞ்சியைக் கழுவிட்டு வாரேன்" என்று போனாள்.

அலமாரியின் மேலே கன்ட்ரோலர். கீழே அடுக்கடுக்காக டிஸ்க்குகள். படங்கள் இருப்பது டிஸ்க்கில்; எது எங்கே என்று அறிந்து எடுத்துக்கொடுப்பது கன்ட்ரோலர். பந்தியில் பெரியவருக்குத்தானே முதல் இலை? தாணு அதன் சுவிட்சை முதலில் போட்டார். பிறகுதான் மற்றவற்றுக்குக் குனிந்தார்.

கன்ட்ரோலர் அன்றுதான் பிறந்ததுபோல எல்லாவற்றையும் கேட்டது. பெயர் கேட்டது. கொடுத்தார். நேரம் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. கொடுத்தார். பிறகு திரையில் எழுதியது: பழையது எதுவும் இல்லை. அனைத்தையும் அழித்துப் புதிதாகத் தொடங்கவா?

அலுத்துப்போன கைக்கு 'ஆம்' பக்கத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, கையை எடுங்க."

வாசலில் பெனினா நின்றாள், முகத்தில் ஈரம் சொட்ட.

"எல்லாம் போச்சு மேடம். லாரியில குலுங்கி..."

"போகலை."

"ஒண்ணுமே இல்லைன்னு அதுவே சொல்லுதே!"

"அதுக்குத் தெரிஞ்சதை அது சொல்லுது."

எல்லாவற்றையும் அணைத்தாள். டிஸ்க்குகளுக்கு மட்டும் சுவிட்சைப் போட்டாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"அடுத்து மேடம்?"

"அடுத்து ஒண்ணுமில்லை. உக்காருங்க."

உள்ளே டிஸ்க்குகள் முனகிக்கொண்டு சுழல ஆரம்பித்தன. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. ஒன்று மட்டும் மஞ்சளிலேயே நின்றது. தாணு எழப் போனார்.

"இருங்க."

அதுவும் பச்சையானது. அதற்குப் பிறகுதான் கன்ட்ரோலரின் சுவிட்சைத் தொட்டாள். இந்த முறை அது பெயர் கேட்கவில்லை. சற்று நேரத்தில் யாரோ ஒருவருடைய பழைய முழங்கால் எலும்பு திரையில் வந்து நின்றது.

"எங்க போயிருந்துது மேடம் இதெல்லாம்?"

"எங்கேயும் போகலை. கன்ட்ரோலர் கண்ணு முழிச்சப்ப டிஸ்க்குக எந்திரிக்கலை."

தாணு முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெனினா துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"நூல் மில்லுல. ராத்திரி ஷிப்டு."

"நீங்க எப்பப் போன் போட்டீங்க?"

"வேலைக்கு வரும்போதுதான். காலையில ஒன்பது..."

தாணு பாதியில் நிறுத்தினார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது.

"இப்ப மணி என்ன மேடம்?"

"மத்தியானம் ரெண்டுதான் ஆகுது. உக்காருங்க அண்ணாச்சி."