ஓட்டையில்லாத பெட்டி

நாமக்கல்லில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை வைத்திருந்தாள் ரெஜினா. ஒருநாள் காலை கட்டிட உரிமையாளர் பொன்னுரங்கம் நாலு பேரோடு வந்தார்.

“என் கார் சப்வூஃபர் பெட்டியில ஓட்டை இருக்கக் கூடாது. அது அரைகுறை வேலை. ஆனா கதவெல்லாம் அதிரணும். சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா கடையைக் காலி பண்ணு.”

சப்வூஃபர் என்பது கனத்த தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்; மூடிய பெட்டியில் அது அடக்கமாகத்தான் ஒலிக்கும். அவர் கேட்ட அதிர்வுக்கு ஓட்டை வேண்டும். ரெஜினா பயந்துகொண்டே ஓட்டை போட்டு, மேலே கறுப்புத் துணி ஒட்டினாள்.

மாலையில் பாட்டுப் போட்டதும் கதவுகள் அதிர்ந்தன.

“ஓட்டையில்லாம எப்படி முழங்குது பாருங்க. என் காது தப்பாது,” என்றார் பொன்னுரங்கம்.

அதற்கு மேல் மறைக்க மனமில்லாமல் ரெஜினா துணியை உரித்தாள். நாலு பேரும் ஓட்டையைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்தது.

“அடைச்சுடட்டுங்களா?” என்று கேட்டு, ஒரு ஸ்பாஞ்சை ஓட்டைக்குள் திணித்தாள். அதிர்வு அடங்கிப்போனது.

பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “அந்த ஸ்பாஞ்சை எடுத்துடும்மா.”