விலாவில் வைத்த கை

மலையடிவாரத்து மடத்துக்கு ஆவுடையப்பன் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. மடத்தை நடத்திய பூரணியம்மை அவரைவிட இளையவர். ஆனாலும் மற்ற சீடர்களைப் போல அவரும் "அம்மா" என்றே அழைத்தார்.

மடத்துக்கு வருவதற்கு முன் அவர் லாரி ஓட்டினார். ஓட்டாத நேரமெல்லாம் குடித்தார். கூடவே குடித்த பேச்சிமுத்து ஒரு சித்திரையில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்துப்போனார். அதைப் பார்த்த பயத்தில் ஆவுடையப்பன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை விட்டார். ஈரலை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அவர் அதற்கு நிற்காமல் அன்றைக்கே துணிப்பையை எடுத்துக்கொண்டு மடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மடத்தில் குடி நினைப்பு அவரை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. பயம்தான் விடவில்லை. விடிந்ததும் கண்ணாடி முன் நின்று, இமையைக் கீழே இழுத்துக் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். தியானத்தில் உட்கார்ந்தால் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போய் அமுக்கிப் பார்க்கும். அமுக்கி அமுக்கியே அந்த இடம் வலித்தது. வலித்ததால் பயம் இன்னும் கூடியது.

ஈரலுக்கு என்ன செய்யலாம் என்று யாரைப் பார்த்தாலும் கேட்டார். ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னார். ஒருவர் எண்ணெய் கூடாது என்றார். ஆவுடையப்பன் எண்ணெயை விட்டார், புளியை விட்டார், பிறகு உப்பையும் விட்டார். கடைசியில் வெறும் கஞ்சித் தண்ணீர் என்றானது. உடம்பு இளைத்தது. இளைத்த உடம்பைப் பார்த்து, நோய் முற்றிவிட்டது என்று அவரே முடிவுகட்டினார்.

ஒருநாள் காலை, வழிபாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, என் ஈரல் செத்துப்போச்சா?"

சீடர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பு நிலையில்லாதது என்று அம்மை ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றார் அம்மை. "உங்களுக்கு?"

"எனக்கும் தெரியலை."

"அப்ப தெரிஞ்சவங்ககிட்டப் போவோம்."

சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மடத்தைவிட்டு அதிகம் வெளியே போகாதவர் அவர். ஆவுடையப்பனால் மறுக்க முடியவில்லை.

பேருந்து டவுனை நெருங்க நெருங்க அவருக்கு வியர்த்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றார். அம்மை ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டதாச் சொல்லிட்டாங்கன்னா?"

"பக்கத்துல நான் இருக்கேன்."

"நல்லதாச் சொன்னா?"

"அப்பவும் இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் கூட்டம். பெஞ்சில் காத்திருந்தபோது, இதுவரை யாரிடமும் சொல்லாததை ஆவுடையப்பன் சொன்னார். அவருடைய மகள் செண்பகத்துக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வந்து பார்க்கச் சொல்லி அவளும் போன் செய்துகொண்டே இருக்கிறாள். அவர் போகவில்லை. சாகப்போகிறவனிடம் பிள்ளை ஒட்டிக்கொண்டால் அப்புறம் அது தேடும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் குடித்த காலத்தில் மகளும் ஒருமுறை அழுது முடித்தவள்தான், இன்னொரு தடவை ஏன் அழவைக்க வேண்டும் என்றார்.

அம்மை கேட்டுக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் அறையில் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவியபோது ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மதியத்துக்குமேல் டாக்டர் கூப்பிட்டார். இளவயதுப் பெண். எதையும் மறைக்காமல் சொன்னார். ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கிறது. கொஞ்சம் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஈரல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

"இனி ஒரு சொட்டுகூட வேண்டாம். வீக்கம் வடியும், தழும்புகூட ஓரளவு குறையலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க, திரும்பப் பார்ப்போம்," என்றார். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்து, ஏன் இப்படி மெலிந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கஞ்சித் தண்ணீர் கதையைக் கேட்டதும் டாக்டருக்குக் கோபம் வந்தது. பட்டினி ஈரலுக்கு நல்லதில்லை, பருப்பும் முட்டையும் சாப்பிடுங்கள் என்று திட்டி அனுப்பினார்.

எதிர் ஹோட்டலில் அம்மை சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். ஆவுடையப்பன் சாம்பாரை முதலில் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சோற்றில் குழி பறித்து ஊற்றச் சொன்னார். இரண்டாம் தடவை சோறு கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது.

பேருந்து நிலையத்துக்கு வருவதற்குள் அந்தத் தெம்பு இறங்கிவிட்டது. தழும்பு ஓரளவு குறையலாம் என்றுதானே சொன்னார், குறையும் என்று சொல்லவில்லையே என்றார். அந்தப் பெண் சின்ன வயசு, வேறொரு பெரிய டாக்டரிடமும் காட்டலாமா என்றார்.

செண்பகத்தின் ஊருக்குப் போகும் பேருந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

"ஏறுங்க," என்றார் அம்மை.

"இப்ப வேண்டாம்மா. மூணு மாசம் போகட்டும். முழுசாச் சரியாயிட்டுன்னு டாக்டர் வாயால கேட்டுட்டு, அப்புறம் போய் நிம்மதியாப் பேரப்பிள்ளையைத் தூக்குதேன்."

ஓட்டுநர் இன்ஜினை முடுக்கினார். அம்மை ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டர் மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க, ஆவுடையப்பன். அதுக்கப்புறம்தான் வாழணும்னு சொல்லலையே."

நடத்துநர் விசில் ஊதியபோது ஆவுடையப்பன் படியில் ஏறியிருந்தார்.