பூனை வீட்டில் இரண்டு குடித்தனம்

ஓசூரில் ஒரு மாடி வீட்டில், ஒரு மழைக்காலத்தில், இரண்டு குழந்தைகள் இருந்தன. கீழே மகிழினி, மாடியில் சிந்தூரி. இரண்டும் தத்தித் தத்தி நடக்கிற வயசு. கீழ்வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். மாடியில் அம்மா கோமதிக்குத் தமிழ், அப்பா நாகராஜுவுக்குத் தெலுங்கு.

குழந்தையின் தலைக்குள் ஓர் ஊர் இருக்கிறது. கண்ணில் படுகிற ஒவ்வொரு பொருளும் அங்கே ஒரு வீடு. காதுவழியாக வருகிற ஒவ்வொரு சொல்லும் குடியிருக்க வீடு தேடி வருகிற ஆள். யாருக்கு எந்த வீடு என்று காட்ட ஒரு தரகர் உண்டு. நம் தலைக்குள்ளும் ஒருவர் இருந்தார். இப்போது வயசாகி, நேற்றுப் பார்த்தவர் பெயரைக்கூட வாசலிலேயே தொலைத்துவிடுகிறார்.

மகிழினியின் தரகர் படு சுறுசுறுப்பு. ஒரு வீட்டுக்கு ஒரு குடித்தனம்தான் என்பது அவர் சட்டம். சிந்தூரியின் தரகர் எதையும் ஆற அமரப் பார்ப்பவர்.

ஒரு நாள் காலை குழந்தைகள் மாடிப்படி அடியில் விளையாடிக்கொண்டிருந்தன. அங்கே கிடந்த முக்காலிமேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. வேலைக்குக் கிளம்பிய நாகராஜு விரலை நீட்டி, "பில்லி! சூடு அம்மலூ, பில்லி!" என்றான். தெலுங்கில் பில்லி என்றால் பூனை, சூடு என்றால் பார்.

பில்லி என்ற சொல் இரண்டு குழந்தைகளின் காதையும் ஒரே நேரத்தில் தட்டினாள்.

"பூனை வீடா? அங்க பூனைன்னு ஒருத்தி ஏற்கெனவே இருக்கா" என்றார் கீழ்வீட்டுத் தரகர். "முக்காலி வீடு காலியா கெடக்கு. போய் இறங்கு."

"ஐயா, நான் வந்தது..."

"ஆள் இருக்கற வீட்டுல போய் யாராவது பால் காய்ச்சுவாங்களா? போம்மா!"

மகிழினி முக்காலியைத் தட்டி, "பில்லி!" என்று கூவினாள். நாகராஜு சிரித்துக்கொண்டே போனான். அந்தத் தரகரை முட்டாள் என்று நினைக்கவேண்டாம். கரண்டிக்குப் பக்கத்தில் கிடந்த வடிகட்டிக்கு அதே சட்டத்தை வைத்து முதல் தடவையே சரியான ஆளை அனுப்பியவரும் அவர்தான். யானைக்கும் அடி சறுக்கும்.

மாடித் தரகர் பில்லியை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னை அனுப்பினது யாரு?"

"அப்பா."

"அப்பா அனுப்பறவங்க காலி வீட்டுக்கும் வருவாங்க, ஆள் இருக்கற வீட்டுக்கும் வருவாங்க. கொஞ்சம் இரு, பார்ப்போம்."

பில்லி வாசலிலேயே காத்திருந்தாள். மறுநாள் பூனை மதில்மேல் நடந்தது. நாகராஜுவின் விரலும் அதன் பின்னாலேயே போனது. "சரி, நீ பூனை வீடுதான்" என்று தரகர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இருந்த பூனை என்ற சொல்லுக்குச் சுருக்கென்றது. "இது என் வீடு!"

"நீ அம்மா பேசறப்ப வா. அவ அப்பா பேசறப்ப வருவா. இதுல சண்டை என்ன?" என்றார் தரகர்.

ஆனால் சண்டை வெளியிலிருந்து வந்தது. கீழ்வீட்டுப் பத்மினி துணி உலர்த்தும்போது கோமதியிடம் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. எங்க மகி தப்போ சரியோ வாயத் தொறந்து சொல்லிடுறா. உங்க பொண்ணு முழிச்சு முழிச்சுல்ல பாக்குது? ரெண்டு பாஷையப் போட்டா பச்சப்புள்ள எதைத்தான் புடிக்கும்?"

அன்றே கோமதி நாகராஜுவிடம் சொன்னாள். "இனிமே இவகிட்ட தெலுங்கு வேண்டாங்க. கொழம்பிப் போயிடுவா."

அவனுக்கு வலித்தது. ஆனாலும் சரி என்றான். கடையிலும் கம்பெனியிலும் அவன் தமிழ் நன்றாகவே ஓடும். மகளைக் கொஞ்ச மட்டும் அதில் வார்த்தை வரவில்லை. வீட்டுக்குள் வந்தால் தலையை மட்டும் ஆட்டினான்.

சிந்தூரியின் தலைக்குள் இருந்த ஊரில் பில்லி மூட்டை கட்டத் தொடங்கினாள். "கூப்பிட ஆள் இல்லாத வீட்டுல எத்தனை நாள் இருக்கறது?"

"போயிடாதே" என்றாள் பூனை. தனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "வீடு என்னவோ வெறிச்சோன்னு ஆயிடும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மினி மாடிக்கு வந்திருந்தாள். ஜன்னலில் பூனை வந்து உட்கார்ந்தது. சிந்தூரி அம்மாவின் புடவையை இழுத்து, தெளிவாக, "பூன" என்றாள்.

"நான் சொல்லல? தெலுங்க நிறுத்தினதும் பேச்சு வந்துடுச்சு பாருங்க!" என்றாள் பத்மினி. கோமதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பில்லி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

சிந்தூரி தத்தித் தத்தி அப்பாவிடம் போனாள். ஜன்னலைக் காட்டினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொன்ன சொல் தவறாத நாகராஜு, "ஆமாம்மா, பூனை" என்றான்.

குழந்தையின் நெற்றி சுருங்கியது. இல்லை என்று தலையை ஆட்டினாள். குட்டிக் கையால் அவன் வாயைப் பொத்தினாள். பிறகு, அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, "பில்லி" என்றாள்.

பத்மினி கோமதியைப் பார்த்தாள். நாகராஜுவும் கோமதியைத்தான் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றாள் கோமதி. "புள்ள அப்பாவத் தேடுறா. பேசுங்க."