அலறிய பிரேக்கும் எண்ணெய்க் குப்பியும்

அலறும் பிரேக்கைத் தமக்கு நேர்ந்த அவமானமாகக் கருதிய முதலாளி ஒருவர் கொல்லிமலையில் இருந்தார். காப்பித் தோட்டக்காரர், பெயர் சிற்றம்பலம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மலையிறங்கவிருந்த காலையில், அவருடைய கார் கிறீச்சென்று அலறியபடி வாசலில் வந்து நின்றது. கூடியிருந்த உறவினர் வாய்பொத்திச் சிரித்தனர்.

"பொன்னுரங்கம்! பிரேக்குல எண்ணெய ஊத்து. இனியொரு சத்தம் கேட்டா சாவிய வெச்சுட்டு வீட்டுக்குப் போ!"

மறுத்தால் வேலை போகும். பணிந்தால் உயிர்கள் போகும். ஓட்டுநர் பொன்னுரங்கம் எண்ணெய்க் குப்பியுடன் பணிவாக வந்து நின்றார்.

"ஊத்திடறனுங்க ஐயா. ஆனா மலைப்பாதையோட எழுபது வளைவும் நீங்களே ஓட்டிட்டு இறங்குங்க. நான் பின்னாலயே நடந்து வந்துடறேன்."

"ஏன்யா?"

"எண்ணெய் குடிச்ச பிரேக் கத்தாதுங்க, பிடிக்கவும் பிடிக்காதுங்க. அப்புறம் உள்ள உக்காந்திருக்கறவங்கதான் கத்தணும்."

பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த மகள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சட்டென்று இறங்கிவிட்டாள்.

பொன்னுரங்கம் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேடு முழுதும் தேய்ந்து, அதன் ஓரத்துத் தகடு சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டில் உரசிக்கொண்டிருந்தது.

"பேடு தீந்துபோச்சு, மாத்துங்கன்னு கத்திச் சொல்லத்தான் இந்தத் தகட்டையே வெச்சிருக்காங்க, ஐயா."

புதிய பேடு வந்தது. கார் எழுபது வளைவுகளையும் ஓசையின்றிக் கடந்தது. அடிவாரத்தில்தான் சிற்றம்பலம் மூச்சை நிம்மதியாக விட்டார்.

"நீ தடுத்திருக்காட்டி நான் ஊத்த வெச்சே இருப்பேன், பொன்னுரங்கம்."

அன்பர்களே, எச்சரிக்கும் குரல் இனிமையாக ஒலிப்பதில்லை. அதன் வாயை அடைக்குமுன், அது எதற்காகக் கத்துகிறது என்று குனிந்து பாருங்கள்.